கன்னியம்மா விற்காத வேப்பிலை

விற்றாள் என்கிறீர்களே, விற்றதைப் பார்த்தவர் யார்? ஒருத்தர் முன்னால் வந்து நிற்கட்டும், அப்புறம் பேசுவோம். குழாயடியில் ஒரு பேச்சு, கோயில் வாசலில் ஒரு பேச்சு, புதிதாக எழும்பிய அடுக்குமாடிப் பெண்கள் போனில் அனுப்பிக்கொள்வது இன்னொரு பேச்சு. அம்மனுக்கு உரிய வேப்பிலையைக் கன்னியம்மா கட்டு இருபது ரூபாய்க்கு விற்றாளாம். மரம் வைக்கச் சொல்லிக் கம்பெனி கொடுத்த பணத்தைச் சுருட்டிக்கொண்டாளாம். கடைசியில் நிலத்தையும் விற்று, வந்த காசை மடியில் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினாளாம்.

மூன்றும் பொய். வேப்பிலையை விற்றது கலியமூர்த்தி. குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறானே, அவன்தான். திருவிழா முடிந்து கோயிலில் மீந்து கிடந்த தழையை வாரிப்போட்டு, அம்பத்தூர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்றுவிட்டு வந்தான். எங்கே பிடித்தாய் என்று கேட்டவர்களிடம், "நம்ம கன்னிம்மா கொல்லைலேந்து" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. அந்தத் தழை அவள் கொல்லையில் விளைந்ததுதான். அதைக் கேட்டவர்கள் மீதியைத் தாங்களே ஜோடித்துக்கொண்டார்கள். தழை அங்கிருந்து கோயிலுக்கு எப்படி வந்தது, அதற்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும். கேட்காமலே சொல்ல வேண்டிய கதை இது.

கன்னியம்மாவுக்கு இருபத்து மூன்று வயதில் புருஷன் போய்ச் சேர்ந்தான். பிள்ளையும் இல்லை. அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் மண்வெட்டியைப் பிடித்தாள். ஐம்பதை எட்டும்வரை கீழே வைக்கவில்லை. வெள்ளானூரில் அப்பன் விட்டுப்போன ஒரு ஏக்கர், அதன் ஓரத்தில் ஓட்டு வீடு. கூட்டுப் பட்டா. ஒரு பாதி அவளுக்கு, மறுபாதி தம்பி ஞானசேகரனுக்கு. தம்பிக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, பெண்டாட்டி மைதிலியோடு குவார்ட்டர்ஸில் குடித்தனம். உழுதது அக்காள்தான். நெல் போட்டாள். ஏரிக் கால்வாயை மனைபோட்டவர்கள் மண்ணடித்து மூடியபின் நெல் போனது, கீரை போட்டாள். விடிவதற்குள் அறுத்துக் கட்டி, முதல் பஸ்ஸில் ஆவடிக்கு எடுத்துப்போய் விற்றாள். அப்புறம் ஆழ்துளை போர் தண்ணீரும் உப்பேறியது. கீரை கருகியது.

சுற்றிலும் கல் நட்டுவிட்டார்கள். வடக்கே மனை, கிழக்கே மனை, தெற்கே அடுக்குமாடி. நடுவில் இவள் நிலம் மட்டும் பல் விழுந்த வாயில் மிச்சம் நிற்கும் ஒற்றைப் பல்லைப் போல நின்றது.

ஞானசேகரன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். மகளை இன்ஜினியரிங் படிக்க வைக்கிறான். ஒருநாள் வந்து வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான்.

"யக்கா, கேட்டா கோச்சிக்காத. மனைக்காரன் நல்ல விலை சொல்றான். ஒனுக்குப் பாதி, எனுக்குப் பாதி. நீயும் வந்து எங்ககூட குவாட்டர்ஸ்லயே இரு. மைதிலியும் அதான் சொல்றா."

"நான் இன்னாத்துக்குடா அங்க வரணும்? எனுக்கு இங்க இன்னா கொறச்சல்?"

"இங்க இன்னா கீது? கீர கூட வரமாட்டேங்குது."

உண்மையில் நிலத்தில் ஒன்றும் வரவில்லைதான்.

அந்த மாதம்தான் கார்த்திகேசன் வந்தான். தென்காசிப் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம். மரம் வைக்கச் சொல்லும் ஒரு அமைப்பில் வேலை. பேர் என்னமோ நீளமாகச் சொன்னான், அவளுக்கு வாயில் நுழையவில்லை. ஏதோ ஒரு பெரிய கம்பெனி, தான் விடுகிற புகைக்கு ஈடாகப் பணம் தருகிறதாம். விவசாய நிலத்தில் நம் மண்ணின் மரம் வைத்தால், உயிரோடு நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வருஷா வருஷம் காசு, ஐந்து வருஷத்துக்கு. தைலமரம் ஆகாது, சவுக்கு ஆகாது. வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, மருதம், பூவரசு. கன்று அவர்களே கொடுப்பார்கள். குழி வெட்ட வேண்டியதும் தண்ணீர் ஊற்ற வேண்டியதும் இவள் பொறுப்பு.

"சும்மா நிக்கிற மரத்துக்கு எவனாச்சும் காசு தருவானா? இன்னா சாமி, ஏமாத்துறியா?" என்று கேட்டாள்.

"சும்மா நிக்கலம்மா. நிக்கிறதுதான் அதோட வேலை," என்று சிரித்தான் கார்த்திகேசன். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தும் காட்டினான். ஒன்றையும் மறைக்கவில்லை. முந்நூறு குழி. இரண்டாம் வருஷ எண்ணிக்கையில் முக்கால் பங்கு, அதாவது இருநூற்று இருபத்தைந்து மரம், உயிரோடு இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் ரத்து. மூன்று வருஷத்துக்கு இலை தழை வெட்டக் கூடாது.

இலை தழை என்றதும் அவள் ஆட்டை நினைத்தாள். வீட்டில் இரண்டு வெள்ளாடு இருந்தது. மறுநாளே இரண்டையும் விற்றுவிட்டு, வேலிக்கு முள் வாங்கிக் கட்டினாள். இலை வெட்டக் கூடாது என்று ஒருத்தர் சொன்னால் நம் பக்கத்துப் பெண்பிள்ளைக்கு ஆடும் மாடும்தான் ஞாபகம் வரும். வேறு எது வரும்?

தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் காகிதத்தைப் படித்துப் பார்த்தான். பணம் நிறைய இல்லை. ஆனால் நெல் போட்டு மிஞ்சியதைவிட அதிகம்.

"சரி யக்கா. ரெண்டு வருசம் பாப்போம். அந்த ரெண்டாவது எண்ணிக்கைல தேறிட்சின்னா நான் நிலத்தப் பத்தி வாயே தொறக்கமாட்டேன். என் பங்குக் காசயும் நீயே வச்சிக்க. தேறலன்னா நீ கையெழுத்துப் போட்ரணும். சரியா?"

"சரிடா."

"கோயிலாண்ட வந்து சொல்லு."

"இங்கியே சொல்றேன். என் சொல்லு போதாதா ஒனுக்கு?"

போதும் என்றான். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்கும் தெரியும்.

முந்நூறு குழியில் பாதியை அவளே வெட்டினாள். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியில் நீல நிற நம்பர் தகடு. முதல் ஐப்பசி மழையில், மேடாக்கிய மனைகளிலிருந்து வழிந்த தண்ணீர் முழுவதும் இவள் நிலத்தில் வந்து நின்றது. பன்னிரண்டு நாள் வடியவில்லை. இலுப்பையும் நாவலும் அழுகின. அழுகிய இடத்துக்கு வேறு கன்று கேட்டால் நர்சரியில் வேம்பு மட்டும்தான் இருந்தது. வேம்பையே வைத்தாள். போதாததற்குக் கோயிலடியில் விழுந்த வேப்பம்பழத்தைப் பொறுக்கி, பால் கவரில் மண்ணடைத்து அவளே முளைக்க வைத்தாள். கடைசியில் முந்நூறில் நூற்று முப்பது வேம்பாகிவிட்டது. வேம்புதான் பிழைத்தது. அந்த உப்புத் தண்ணீரையும் குடித்துப் பிழைத்தது.

கோடையில் போர் வற்றியபோது, பக்கத்து மனையில் காவலுக்கு இருந்தவனைக் கெஞ்சி அங்கிருந்து தண்ணீர் தூக்கினாள். இடுப்பில் ஒரு நீலக் குடம், கையில் ஒரு வாளி. ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அவளுக்கே தெரியாது. இடுப்பில் குடம் உரசிய இடம் காய்த்துப்போனது. முதல் வருஷ எண்ணிக்கை நன்றாகவே முடிந்தது, பணமும் வந்தது. அதில் ஒரு பைசா அவள் வாய்க்குப் போகவில்லை. குழாய் வாங்கினாள், எரு வாங்கினாள். சுருட்டிக்கொண்டாள் என்கிறார்களே, அந்தப் பணம்தான் இது.

இரண்டாம் வருஷம் ஆனி முடியும்போது இருநூற்று எழுபது மரம் நின்றது. வேம்பெல்லாம் ஆள் உயரம். ஞானசேகரன் வந்து வரப்பில் நடந்து பார்த்தான். கடைசி வரப்பில் நின்று, "ஜெயிச்சிட்ட யக்கா," என்றான். அன்றைக்கு அவள் இரண்டு பேருக்குச் சோறு வைத்தாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கார்த்திகேசன் போன் செய்து, ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை எண்ண வருவதாகச் சொன்னான்.

மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். அந்த வருஷம் ஊரில் அம்மை. இந்தத் தெரு அந்தத் தெரு என்றில்லை, அடுக்குமாடியிலும் வந்து இறங்கியது. எதிர்வீட்டுத் தாயம்மாளின் மகள் சுதா பன்னிரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து பிழைத்தாள். மகள் எழுந்தால் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிறேன் என்று தாயம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவளைப் போல நாற்பது பெண்கள். உடம்பு மூட வேப்பிலை கட்டவேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு மூட்டைத் தழை வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு வேம்பு நின்றது. ரோட்டை அகலப்படுத்தியதில் பாதி போனது, மாடி கட்டியதில் மீதி போனது. தாயம்மாளே தன் வாசல் வேம்பை வெட்டித்தான் கார் நிறுத்தக் கொட்டகை போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கூடைகளோடு வேலி ஓரம் வந்து நின்றார்கள்.

"கன்னிம்மா, கொஞ்சம் தழ குடு."

"செவ்வாக்கெழம எண்ண வராங்க தாயம்மா. முடிஞ்சதும் வாங்க. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கங்க."

"ஞாயித்துக்கெழம சாமிக்கு, செவ்வாக்கெழம வந்து தழ ஒடிக்கவா? நல்லா கீதே நாயம்! ஆத்தா ஒனுக்காவ தேதிய மாத்திக்குவாளா?"

பின்னால் ஒருத்தி குரல் கொடுத்தாள். "கம்பேனிக்காரன் மரம்டி அது. ஆத்தாவுக்கு அதுல பங்கு இல்ல."

சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. தாயம்மாளின் பக்கத்தில் சுதா நின்றுகொண்டிருந்தாள். முகம் முழுவதும் தழும்பு, இன்னும் பொருக்கு உதிராத கை. ஒன்பது வயதில் கன்னியம்மாவும் அப்படிக் கிடந்தவள்தான். யார் வீட்டு மரத்துத் தழையிலோ படுத்து எழுந்தவள். அன்றைக்கு அவள் அம்மா எந்த வேலி ஓரம் போய் நின்றாளோ. யாராவது அவளை முடிஞ்சதும் வா என்று திருப்பி அனுப்பியிருந்தால்?

முள்ளை விலக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். முதல் கொத்தை அவள் கையாலேயே ஒடித்துச் சுதாவிடம் கொடுத்தாள். "பக்கக் கொப்பு மட்டும் எடுங்க, நுனிய ஒடிக்காதீங்க," என்று சொல்லித்தான் விட்டாள். நாற்பது பேர், நாளைக்குச் சாமி, பொழுது சாய்வதற்குள் தைக்கவேண்டும். பக்கம் எது, நுனி எது என்று யார் பார்த்தார்கள்? அடுக்குமாடிப் பெண்களும் வந்தார்கள். விளக்கு வைக்கும்போது நூற்றுப் பத்து வேம்பு குச்சியாக நின்றது.

பயந்தாளா? பயப்படவில்லை, அதுதான் விஷயம். ஒடித்த வேம்பு சாகாது. அது இங்கே எல்லோருக்கும் தெரியும். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு வேறு வழி தெரியாது, வேறு வழி வேண்டியதும் இல்லை. வருகிறவனிடம் கீறிக் காட்டினால் போயிற்று என்று நினைத்தாள். நினைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தானும் போய்க் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை கார்த்திகேசன் வண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான்.

"என்னம்மா இது?"

"ஆத்தாவுக்குக் குட்த்தேன் சாமி. உசுரோட கீது எல்லாம். தோ பாரு." ஓடிப்போய் ஒரு வேம்பைக் கீறினாள். பச்சை தெரிந்தது. அடுத்ததைக் கீறினாள். அதிலும் பச்சை. "பாத்தியா? தோ இதுவும்."

"எனக்குத் தெரியுதும்மா. நானும் கிராமத்துக்காரன்தான். ஆனா நான் எண்ணலம்மா, இந்தப் போன் எண்ணுது. ஒவ்வொரு நம்பருக்கும் போட்டோ பிடிக்கணும். இலை தெரிஞ்சாத்தான் உயிர்னு ஏத்துக்கும்."

"அப்போ இந்தப் பச்சயப் புடி."

பிடித்தான். பாவம், நல்ல மனிதன். கீறிய இடத்துக்குக் கிட்டே கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தான். மூன்று தடவை பிடித்தான். மூன்று தடவையும் சிவப்பு வட்டம் காட்டியது. அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, ஒரு மாதம் கழித்து எண்ணலாமா என்று கேட்டான். அந்தப் பக்கம் பேசியது கன்னியம்மாவுக்குக் கேட்கவில்லை. அவன் முகம்தான் தெரிந்தது.

"தழை வெட்டக் கூடாதுன்னு படிச்சுக் காட்டினேனேம்மா," என்றான்.

"ஆட்டுக்குன்னு நெனச்சேன்."

அவள் வெயிலில் ஒவ்வொரு மரமாகப் போய்க் கீறிக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நகத்தில் இரத்தம் வந்தபிறகு கார்த்திகேசன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான். நூற்று அறுபது மரம் உயிரோடு இருப்பதாகப் போன் சொன்னது. ஒப்பந்தப்படி அறுபத்தைந்து குறைவு.

ஆவணி பிறந்தது. பத்தாம் நாள் வேம்பு துளிர்த்தது. ஒன்று இரண்டு இல்லை, நூற்றுப் பத்தும். செம்பட்டைத் துளிர், அப்புறம் இளம்பச்சை, ஒடித்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகக் கிளை. கன்னியம்மா ஒரு கொத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் பஸ் ஏறி அவர்கள் அலுவலகத்தைத் தேடிப் போனாள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அந்த ஒப்பந்தத்தை மூடிவிட்டார்களாம், திறக்க முடியாதாம். வேண்டுமானால் வருகிற வருஷம் புதிதாக எழுதிக்கொடுக்கலாமாம்.

"எழுதிக்கிறேம்மா. மரம்தான் ரெடியா கீதே."

"அதுதாம்மா பிரச்சினை. மரம் இருக்கிற நிலத்துக்கு இந்தத் திட்டம் கிடையாது. வெறும் நிலமா இருந்தாத்தான் எடுப்போம். இதையெல்லாம் எடுத்துட்டு, காலி நிலம்னு போட்டோ அனுப்பினீங்கன்னா..."

கன்னியம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் பையிலிருந்த கொத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இதற்குள் கலியமூர்த்தி தழை விற்ற கதை ஊரைச் சுற்றிவிட்டது. தழை வாங்கிக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிய பெண்களே அதைப் பேசினார்கள். தாயம்மாள்கூட, "மீந்தத வித்துருப்பா, யார் கண்டா," என்றாளாம். கன்னியம்மாவின் காதுக்கு வந்தது. அவள் யாரிடமும் போய், நான் விற்கவில்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒரு பேச்சாக மதித்ததாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

ஞானசேகரன் வந்தான். வந்தவன் நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வெளியே துளிர்த்து நிற்கிற வேம்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளே கேட்டாள்.

"எப்போ வரணும்டா கையெழுத்துக்கு?"

"யக்கா, வேணும்னா இன்னொரு வருசம்..."

"பொண்ணுக்குப் பீஸ் கட்டணும் இல்ல?"

அவன் தலையைக் குனிந்தான்.

"சொன்னேன் இல்ல. சொன்னா சொன்னதுதான். தேதியச் சொல்லு."

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். கீறிக் கீறிப் பிய்ந்த விரல் இன்னும் ஆறவில்லை. ரேகை விழவில்லை என்று மறுபடி மறுபடி வைக்கச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை விழுந்தது. அவள் பங்கைத் தம்பி வங்கியில் அவள் பேரில் போட்டு, பாஸ்புக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். மைதிலி குவார்ட்டர்ஸில் ஒரு அறையை ஒழித்து, புதுப் பாயும் வாங்கி வைத்திருந்தாள். புரட்டாசி முதல் வாரம் இயந்திரம் வரும், அதற்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று மனைக்காரர் சொல்லியிருந்தார். அந்த வாரமெல்லாம் அவள் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். எதற்கு என்று காவல்காரன் கேட்டதற்கு, "நிக்குதே," என்றாள்.

காலி செய்யவேண்டிய நாள், காலை ஏழு மணி இருக்கும். மண் தள்ளும் மஞ்சள் வண்டி ரோட்டு முனையில் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். கன்னியம்மா குளித்து, வெளுத்த புடவை கட்டி, வாசலுக்கு வந்தபோது எதிரில் தாயம்மாள், கையில் சின்னக் கூடையோடு.

"கன்னிம்மா, அந்த பிளாட்டுல ரெண்டாவது மாடிக் கொழந்தைக்கு அம்ம போட்டுக்கீது. வாசல்ல கட்ட ரெண்டு கொத்து கேக்குறாங்க. அங்கல்லாம் எங்க கீது சொல்லு. ஒங்கிட்டதான்..."

கன்னியம்மா அவளைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று தாயம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். நெஞ்சில் கிடந்தது நிறைய இருந்திருக்கும். கையை வேலிப் பக்கம் காட்டினாள்.

"போய் எடுத்துக்க. பெரிய கூடையா எடுத்துனு வா. பத்து மணிக்கு மேல இருக்காது."

"நுனி ஒடிக்கலாமா?"

"ஒடி."

தாயம்மாள் வேலிக்குள் போனாள். கன்னியம்மா வீட்டுக்குள் திரும்பி, நீலக் குடத்தில் மிச்சம் இருந்த தண்ணீரை வாசற்படி ஓரம் நின்ற வேம்பின் அடியில் ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். மஞ்சப்பையில் ஒரு மாற்றுப் புடவை, சீப்பு, பஸ்ஸுக்குச் சில்லறை. தம்பி கொடுத்த பாஸ்புக்கை மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள். மடியில் காசு கட்டிக்கொண்டு ஓடினாள் என்கிறவர்கள் அந்த மாடத்தை வந்து பார்த்திருக்கலாம்.

உள்ளே மரங்களுக்கு நடுவில் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. தாயம்மாள் குரல் கொடுத்தாள். "காலங்காத்தால எங்கடி கெளம்பிட்ட? தம்பி வூட்டுக்கா?"

கன்னியம்மா மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தவில்லை. தம்பி வீடு இருக்கிற ஆவடிக்குப் போகிற பாதை வலப்பக்கம். அவள் படியிறங்கி இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.